வீட்டில் இருப்பதை வைத்துச் சமைக்க, சமையல் நிகழ்ச்சிகள் கற்றுத்தருமா?

வேலை முடிந்து வந்து தினமும் ஏதாவது ஒரு சமையல் நிகழ்ச்சி பார்க்கிறேன், ஆனால் பிரிட்ஜில் கிடக்கும் நாலு காயை வைத்து ஒரு குழம்பு வைக்கத் தெரியவில்லை, கடைசியில் வெளியில் ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பதை வைத்துச் சமைப்பது எப்படி, இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில் பயன் உண்டா, ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்ததில் மீந்துபோன கிரீம், சோயா சாஸ், ஆரிகானோவை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்த நிகழ்ச்சியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஓடத் தொடங்கும்போது "இன்றைக்கு என்ன செய்வது" என்பது முடிவாகியிருக்கும். காய் நறுக்கியிருக்கும், புளி ஊறியிருக்கும், மசாலா சின்னச் சின்னக் கிண்ணங்களில் அளந்து வைத்திருக்கும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். வீட்டில் சமைப்பவருக்குப் பாதி வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது: எது இருக்கிறது, எது இல்லை, எது நாளைக்குக் கெட்டுப்போகும், எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது. இந்த யோசனையை யாரும் திரையில் காட்டுவதில்லை. அதனால் எவ்வளவு பார்த்தாலும் பிரிட்ஜைத் திறந்தவுடன் கை ஓடாமல் நிற்பது இயல்புதான். உங்களுக்குச் சமையல் வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, நீங்கள் எழுதியிருந்த பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நாலு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், இலையோடு இரண்டு முள்ளங்கி, அரை மூடி தேங்காய், புளித்துப்போன தயிர். அலமாரியில் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, புளி, மிளகாய்த்தூள். இதைப் பார்த்தால் எனக்கு மூன்று நாள் சமையல் தெரிகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எது முதலில் வீணாகும் என்பது. இங்கே முள்ளங்கி இலைதான். ஒரு நாள் விட்டால் மஞ்சளாகிவிடும். பலர் அதைக் கிள்ளிக் குப்பையில் போடுகிறார்கள், எனக்கு மனசு கேட்பதில்லை. பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைப் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்த்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து வதக்கினால் அருமையான பொரியல். லேசான கசப்பு இருக்கும். தேங்காய் தூவினால் அடங்கிவிடும். முள்ளங்கியை அன்றைக்கே சாம்பாரில் போடுங்கள். முதல் நாள் முடிந்தது.

கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இன்னும் இரண்டு நாள் தாங்கும், அது மறுநாள் புளிக்குழம்பு. தயிர் ஏற்கெனவே புளித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் புளித்தாலும் மோர்க்குழம்புக்கு நல்லதுதான், மூன்றாம் நாள் அது. தேங்காயை மட்டும் இன்றே துருவி ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அரை மூடியாக பிரிட்ஜில் கிடந்தால் வழவழவென்று ஆகிவிடும். துருவி உறையவைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

அடுத்தது, குழம்பு எதனால் குழம்பாகிறது என்பது. புளிப்பு ஒன்று, காரம் ஒன்று, கெட்டித்தன்மை கொடுக்க ஒன்று, வாசத்துக்குத் தாளிப்பு, பிறகு காய். இந்த ஐந்து இடத்தையும் எதையாவது கொண்டு நிரப்பினால் குழம்பு வந்துவிடும். புளிப்புக்குப் புளிதான் வேண்டும் என்பதில்லை. தக்காளி, மாங்காய், புளித்த தயிர், எலுமிச்சை, நெல்லிக்காய், புளிச்சக்கீரை, கன்னியாகுமரி பக்கமென்றால் குடம்புளி. ஒவ்வொன்றும் சேரும் நேரம் மட்டும் வேறு. தக்காளி முதலிலேயே வதங்க வேண்டும், புளி நடுவில் கொதிக்க வேண்டும், எலுமிச்சை அடுப்பை அணைத்தபின்தான். கொதிக்கவிட்டால் கசந்துவிடும். கெட்டித்தன்மைக்குப் பருப்பு, அரைத்த தேங்காய், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கசகசா, எதுவுமே இல்லையென்றால் தண்ணீரில் கரைத்த ஒரு ஸ்பூன் அரிசி மாவு. காரத்துக்கு மிளகாய் இல்லாவிட்டால் மிளகு.

மிளகாயும் தக்காளியும் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகத்தான். அதற்கு முன்னாலும் இங்கே குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கும் பல பிராமணர் வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் எதுவும் கிடையாது. மிளகும் சீரகமும் பாசிப்பருப்பும் வாழைக்காயும் புடலங்காயும் வைத்தே முழு இலை நிறைந்துவிடும். அந்தச் சாப்பாட்டின் ருசியைத் தெரிந்தவர்கள், தக்காளி விலை ஏறும்போது கலங்க மாட்டார்கள்.

இனி, வரிசை. நிகழ்ச்சிகளில் அதிகம் நழுவிப்போகும் விஷயம் இதுதான், ஆனால் வீட்டில் தப்பாகும் குழம்புகளில் பெரும்பாலானவை இதனால்தான் தப்பாகின்றன. காய் வேகும் முன் புளியை ஊற்றினால் காய் முரடாகவே நிற்கும். காயின் செல் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் எளிதில் இளகாது. எவ்வளவு கொதித்தாலும் முருங்கைக்காய் நாரோடு சேர்த்து விறைப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அதனால் முருங்கைக்காயைத் தண்ணீரில் உப்பு, மஞ்சளோடு முக்கால் பதம் வேகவைத்து, அப்புறம் புளி. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டால் அது அங்கேயே பாதிக்கு மேல் வெந்துவிடும், பிறகு புளியில் விட்டாலும் பிரச்சினை இல்லை. வெண்டைக்காய்க்கு மட்டும் இதுவே தலைகீழ். புளிப்பு அதன் வழவழப்பைக் குறைக்கும், குழையாமலும் நிறுத்தும், அதனால் வதக்கும்போதே கொஞ்சம் புளித்தண்ணீர் தெளிப்பார்கள்.

பருப்புக்கும் இதே கதைதான். குக்கரில் பருப்போடு தக்காளியையும் புளியையும் சேர்த்துப் போட்டு, "நாலு விசில் விட்டும் வேகவில்லை" என்பார்கள். புளிப்பு தடுக்கிறது. இன்னொரு காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை பெக்டினோடு சேர்ந்து பருப்பை இறுக்கிவிடும். குடிக்கிற தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவையுங்கள். அப்படியும் வேகாவிட்டால் பருப்பு ரொம்பப் பழசு; அதைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் வறுத்துப் பருப்புப் பொடி செய்துவிடலாம்.

மோர்க்குழம்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் வீணாகும் பொருளிலிருந்து இவ்வளவு நல்ல பதார்த்தம் வேறு ஏதும் வருமா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு கப் புளித்த தயிருக்கு ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு டீஸ்பூன் பச்சரிசியும் அரை மணி நேரம் ஊறட்டும். அதோடு கால் கப் தேங்காய், மூன்று பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், சின்னத் துண்டு இஞ்சி சேர்த்து மைய அரைத்து, கடைந்த தயிரில் கலந்து, வேகவைத்த பூசணியோ சௌசௌவோ போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரங்களில் நுரை கட்டி மேலே எழும்பும்போது அணைத்துவிட வேண்டும். தயிரைச் சூடு செய்தால் அதன் புரதம் திரண்டு தண்ணீர் தனியாகப் பிரியும்; அரிசியிலும் பருப்பிலும் உள்ள மாவுச்சத்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அரிசியும் பருப்பும் அந்த வேலைக்குத்தான் போகின்றன என்று தெரிந்துவிட்டால், பருப்பு இல்லாத நாளில் ஒரு ஸ்பூன் கடலை மாவு கரைத்து ஊற்றி அதையே செய்துவிடலாம். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். காயே இல்லையா, காலையில் மீந்த வடையைப் போடுங்கள்.

கடலை மாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் பாம்பே சட்னியையும் சொல்லிவிடுகிறேன். தேங்காயும் இல்லை, பருப்பும் வேகவைக்க நேரமில்லை, இட்லி மட்டும் வெந்துகொண்டிருக்கிறது என்ற நிலைக்கு அது. வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, இரண்டு ஸ்பூன் கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடம்.

இப்போது நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

இருப்பதை வைத்துச் சமைப்பது என்ற எண்ணத்தையே போட்டியாக்கிய நிகழ்ச்சிகள் வெளிநாட்டில் நிறைய உண்டு. 1994-இல் பிபிசியில் தொடங்கிய ரெடி ஸ்டெடி குக்கில், சாதாரண ஆட்கள் 5 பவுண்டுக்குள் வாங்கிய பொருட்களை ஒரு பையில் கொண்டுவருவார்கள். சமையல் கலைஞர் அதை மேசையில் கொட்டிப் பார்த்துவிட்டு 20 நிமிடத்தில் சமைக்க வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய சாப்ட் (Chopped) நிகழ்ச்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூடையில் சம்பந்தமே இல்லாத பொருட்கள் வரும். மூடிய பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை வைத்துச் சமைக்கும் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவின் மர்மப் பெட்டி எல்லோரும் அறிந்தது. இவற்றில் எனக்கு ரெடி ஸ்டெடி குக்தான் உயர்ந்தது. அங்கே பணத்துக்கு ஒரு வரம்பு இருந்தது, பையைக் கொட்டியவுடன் "இதை வைத்து என்ன செய்யலாம்" என்று வாய்விட்டு யோசிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருந்தது. நான் மேலே சொன்ன, திரையில் காணாமல் போகும் அந்த முடிவு அங்கே நம் கண் முன்னால் எடுக்கப்பட்டது. மற்ற இரண்டிலும் சிக்கல் பொருளின் வினோதத்தில் இருக்கிறது. நம் வீட்டுச் சிக்கல் வினோதமான பொருள் அல்ல, அதே கத்தரிக்காய் மறுபடியும் வந்து நிற்பதுதான்.

தமிழில், 2019 முதல் விஜய் டிவியில் வரும் குக்கு வித் கோமாளியைப் பலர் வெறும் கூத்து என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்க்கும்போது, தெரிந்தவர் தன் கை செய்வதை வாயால் சொல்ல வேண்டிவருகிறது. குக் சொல்ல கோமாளி கையால் செய்ய வேண்டிய கட்டங்களைக் கவனியுங்கள். "எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கிறதா", "பச்சை வாசம் போய்விட்டதா" என்று கேட்பார்கள். நிமிடக் கணக்கு அங்கே உதவாது, அடையாளம்தான் உதவும். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு வரி வரும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுச் சமையலையும் அங்கிருந்து கற்க முடியாது, செய்முறை துண்டு துண்டாகத்தான் வரும்.

2021-இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில் வந்த மாஸ்டர்செஃப் தமிழ், உழைப்பிலும் தரத்திலும் உயர்ந்த நிகழ்ச்சி. ஆனால் தட்டில் அழகாக வைப்பதற்கு அங்கே இருக்கும் கனம், ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேருக்குப் பரிமாறும் வீட்டுக்குப் பொருந்தாது. அதைப் பார்த்து மனம் தளர்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

கற்பதற்கென்றே பார்ப்பதானால், ஒருவர் நின்று நிதானமாக ஒரே பதார்த்தத்தைச் செய்து காட்டும் பழைய பாணிதான் சிறந்தது. வெங்கடேஷ் பட் எதைச் செய்தாலும் ஏன் செய்கிறேன் என்று காரணத்தைச் சொல்கிறார்; அந்த ஒன்றுக்காகவே அவரைப் பார்க்கலாம். ரேவதி சண்முகம், மல்லிகா பத்ரிநாத் போன்றவர்கள் வீட்டு அளவில், வீட்டு அடுப்பில், வீட்டில் இருக்கும் பாத்திரத்தில் செய்து காட்டியவர்கள். அவர்கள் பேச்சில் "இது இல்லையென்றால் இதைப் போடலாம்" என்ற தொடர் இயல்பாக வந்து விழும். அது பொன்னான தொடர்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து யூடியூபில் வரும் வில்லேஜ் குக்கிங் சேனலை நீங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள். பார்க்கப் பார்க்க அலுக்காது, சமைத்ததை முதியோர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுப்பது இன்னும் நல்ல விஷயம். ஆனால் அண்டாவில் செய்வதை அப்படியே நாலு பேருக்கு வகுத்துச் செய்யாதீர்கள். சிறிய பாத்திரத்தில் தண்ணீர் விகிதப்படி வேகமாக வற்றும், அதனால் குழம்பு கட்டியாகும், உப்பும் காரமும் ஏறி நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது வரிசையை: எண்ணெய், பட்டை கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மசாலா, கறி. பேச்சே அதிகம் இல்லாத காணொளி என்பதால் அந்த வரிசை கண்ணில் தெளிவாகப் பதியும்.

எனக்குக் கோபம் வரும் இடம், நேரத்தைப் பற்றிப் பல நிகழ்ச்சிகளில் சொல்வது. "வெங்காயம் ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும்" என்று சொல்லிவிட்டுக் காட்சியை வெட்டுவார்கள். மூன்று பெரிய வெங்காயம் நடுத்தரத் தீயில் உண்மையாகப் பொன்னிறமாகக் கால் மணி நேரமாவது ஆகும். இதை நம்பி ஐந்து நிமிடத்தில் தக்காளியைப் போட்டால், அந்தத் தண்ணீரில் வெங்காயம் வெந்துபோகுமே தவிர நிறம் ஏறாது, குழம்பில் அந்தப் பச்சைத்தன்மை கடைசி வரை இருக்கும். அதுபோல ஓட்டல் அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. அங்கே ஒரு கடாய் நிறையக் காயைக் கொட்டி வதக்குகிறார்கள் என்று நாமும் கொட்டினால் கடாயின் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். இரண்டு தடவையாக வதக்குங்கள்.

உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அதுவும் சரியல்ல. கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது, மீதிக் குழம்பின் உப்பு அளவு அப்படியேதான் இருக்கும். தண்ணீரோ, உப்பில்லாத வேகவைத்த பருப்போ, தேங்காய்ப்பாலோ சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் வழி.

இனிமேல் பார்க்கும்போது ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "இதில் தக்காளி இல்லையென்றால்?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்தச் சமையல் உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒலியையும் கூட்டி வையுங்கள். கடுகு வெடித்து அடங்குவது, வெங்காயத்தின் சத்தம் தண்ணீர் வற்றியபின் மாறுவது, இவையெல்லாம் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

நிகழ்ச்சிகள் தொடவே தொடாத இன்னொன்று மறுநாள். நம் வீடுகளின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. மாவு முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளித்தபின் ஊத்தப்பமும் குழிப்பணியாரமும். மீந்த இட்லி உப்புமா. பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் பொரியல், கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு. நெல்லைப் பக்கம் விசேஷம் முடிந்த மறுநாள் மீந்த குழம்பையும் கறிகளையும் ஒன்றாகச் சேர்த்து வற்றவைக்கும் சுண்டக்கறிக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. மீந்த சோற்றில் மட்டும் கவனம். வடித்த சோறு வெளியில் சூட்டிலேயே மணிக்கணக்கில் இருந்தால், வேகவைத்தாலும் சாகாத வித்துகளிலிருந்து பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெயில் காலத்தில் அதற்கும் முன்னால்.

அலமாரியில் எப்போதும் வைத்திருக்கச் சொன்னால் நான் சொல்வது: துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை, புளி, மிளகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய், அப்புறம் வற்றல் ஏதாவது. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் எதுவானாலும் சரி. ஒரு காயும் இல்லாத இரவில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போதும். வற்றலும் தீர்ந்துவிட்டதென்றால் அப்பளத்தையே பொரித்துப் போட்டு அப்பளக் குழம்பு வைக்கலாம்.

கடைசியாக மீந்தவை. கிரீம் திறந்தபின் பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான். இன்றைக்கே முட்டைக் குழம்போ பட்டாணி மசாலாவோ செய்து, அடுப்பை அணைத்தபின் கலந்துவிடுங்கள். தக்காளிப் புளிப்போடு கொதித்தால் திரிந்துவிடும். சோயா சாஸ் நிறைய நாள் இருக்கும். பிரிட்ஜில் வைத்த நேற்றைய சோறு உதிர் உதிராக இருக்கும், அதை முட்டையோடு வதக்கும்போது ஒரு ஸ்பூன் விடுங்கள், காளான் வறுவலிலும் விடலாம். அதிலேயே உப்பு அதிகம் என்பதால் தனியாக உப்பு போடும் முன் ருசி பாருங்கள். ஆரிகானோவை நினைத்துக் கவலை வேண்டாம். அதன் வாசத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்கள் ஓமத்துக்கும் ஓமவல்லிக்கும் நெருங்கிய உறவு. ஓமம் போடும் இடத்தில் எல்லாம் அதைப் போடலாம்: சப்பாத்தி மாவில், ஓமப்பொடியில், வாழைக்காய் பஜ்ஜிக்குக் கரைக்கும் கடலை மாவில் அரை ஸ்பூன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போடுங்கள், அப்போதுதான் வாசம் இறங்கும்.